குளியலறையின் புதிய விளக்குக்கு மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? மலை வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

குளியலறையைப் புதுப்பிக்கும்போது டைல்ஸுக்கும் கீசருக்கும் குழாய்களுக்கும் கடை கடையாக ஏறி இறங்கும் வீட்டுக்காரர்கள், கண்ணாடிக்கு மேலே வரப்போகும் ஒரு விளக்கைப் பற்றி யோசிப்பது பெரும்பாலும் கொத்தனார் டைல்ஸ் ஒட்டத் தொடங்கிய பிறகுதான். “பைப் எங்க வருதுன்னு சொல்லிட்டீங்கன்னா நான் ஒட்டிக்கிட்டே போயிடுவேண்ணே” என்று அவர் எலெக்ட்ரீஷியனை அவசரப்படுத்துவார். பக்கத்தில் எந்த வயர் கைக்கு எட்டுகிறதோ அதிலிருந்து ஓர் இணைப்பு எடுக்கப்படும். அதன்மேல் டைல்ஸும் ஏறிவிடும். அதற்குப் பிறகு அந்தச் சுவரைப் பல ஆண்டுகளுக்கு யாரும் திறக்கப் போவதில்லை. எனவே எந்த விளக்கை வாங்குவது என்பதற்கு முன்பே, அதற்கான மின்சாரம் எங்கிருந்து, எந்த வழியாக வரவேண்டும் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டாரத்துப் பழைய வீடுகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கொடைக்கானல் பக்கத்து வீடுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. குளியலறையில் ஏற்கெனவே எரியும் பழைய விளக்கின் லைனை நீட்டிக்கொள்வது ஒன்று. அருகிலுள்ள கீசர் பாயின்ட்டிலிருந்து எடுப்பது மற்றொன்று. மெயின் போர்டிலிருந்து குளியலறைக்கென்றே தனி லைன் இழுப்பது மூன்றாவது. அறைக்கு வெளியே ஒரு டிரைவரை (230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் சிறு கருவியை) வைத்து, உள்ளே 12 வோல்ட் மட்டும் வரும்படி செய்வது நான்காவது.

கீசர் பாயின்ட்டை முதலிலேயே விலக்கிவிடலாம். 2 கிலோவாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியரும், 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியரும் இழுக்கும். அதனால் அந்த லைனுக்கு 16 அல்லது 20 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் லைனை அறுக்கும் சுவிட்ச்) போட்டிருப்பார்கள். கண்ணாடி விளக்கோடு வரும் மெல்லிய வயரை அந்த லைனில் சேர்த்தால், அந்த வயர் தாங்கக்கூடியதைவிட அதிகமான மின்சாரம் ஓடினாலும் எம்.சி.பி. அதை ஒரு பழுதாகவே கருதாது. வயர் சூடேறி உறை உருகினாலும் லைன் அறுபடாமல் இருக்கும். இருப்பதிலேயே இதுதான் எளிய வழி என்பதாலேயே பலர் இதைச் செய்கிறார்கள். ஐந்தடி பைப்பும் அரை நாள் கூலியும் மிச்சமாகும் என்பதற்காக இதற்கு யாரும் இணங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பழைய விளக்கின் லைனை நீட்டுவது அப்படி உடனே ஒதுக்கக்கூடியதன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வயரிங் மாற்றிய வீடாக இருந்து, பைப்புக்குள் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி ஓடுகிறது என்றால், 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பது அந்த லைனுக்கு ஒரு சுமையே இல்லை. மலையில் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய வயரிங்கில்தான் சிக்கல். தேக்குப் பட்டையின்மேல் கிளிப் அடித்து ஓட்டிய ரப்பர் உறை வயர்களையும், பிற்காலத்தில் விலை குறைவென்று போட்ட அலுமினியக் கம்பிகளையும் பல வீடுகளில் இப்போதும் காணலாம். பழைய ஹோல்டரின் திருகைத் தளர்த்தியவுடன் கம்பியின் நுனியில் வெள்ளைப் பொடி படிந்திருப்பதும், சற்றே வளைத்தாலும் நுனி உடைந்து கையோடு வருவதும் அலுமினியக் கம்பிக்கு அடையாளம். அதோடு புதிய செம்புக் கம்பியை முறுக்கி டேப் சுற்றினால், ஈரக்காற்றில் அந்த இணைப்பு அரிக்கத் தொடங்கி, தளர்ந்து, சூடாகும். ரப்பர் உறையின் நிலை இதைவிட மோசம். அசைக்காதவரை முழுதாகத் தெரியும். புது ஹோல்டருக்காக இழுத்ததும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். இப்படிப்பட்ட லைனை நீட்டுவது, பழைய பலவீனத்தைப் புது டைல்ஸுக்குப் பின்னால் மறைத்து வைப்பதாகவே முடியும்.

பழைய லைனில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சுவிட்ச் பேஸில் (மின்சாரம் வரும் கம்பியில்) இருக்கிறதா, நியூட்ரலில் (அது திரும்பும் கம்பியில்) இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துச் சோதிக்க வேண்டும். நியூட்ரலில் இருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்; அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஈரக்கையோடு பல்பை மாற்றப் போகிறவருக்கு அது உயிராபத்து. பலமுறை கைமாறிய வீடுகளில் இந்தத் தவறு அரிதன்று.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் லைனை அறுக்கும் கருவி) பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை. மலையில் சமவெளியைவிட இது ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளுக்கு மின்வாரியக் கம்பத்திலிருந்து வருவது பேஸும் நியூட்ரலும்தான்; எர்த்தை வீட்டுக்காரரே குழி எடுத்து அமைத்துக்கொள்கிறார். மலைச்சரிவில் இரண்டடி தோண்டியதும் பாறை தட்டுகிறது. அதோடு நிறுத்திக் குழாயைப் படுக்கவைத்து மூடிவிடுவோரும் உண்டு. மழைக்காலத்தில் ஊறிக் கிடக்கும் அதே சரிவு மாசி, பங்குனியில் நீர் வடிந்து காய்ந்துவிடும்போது எர்த்தின் மின்தடை ஏறிவிடுகிறது. அந்தத் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கீசரின் உலோக உடலிலோ விளக்கின் உலோகச் சட்டத்திலோ பேஸ் கம்பி பட்டுவிட்டால், 230 வோல்ட்டில் அந்த எர்த் வழியாக ஓடக்கூடியது அதிகபட்சம் 11.5 ஆம்பியர். சி வகை எம்.சி.பி. உடனடியாக விழுவதற்கு, அதாவது லைனை அறுப்பதற்கு, தன் அளவைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு மின்சாரம் வேண்டும். 6 ஆம்பியர் எம்.சி.பி. இந்த 11.5 ஆம்பியரில் உடனே விழாது; சூடேறித்தான் விழும். கீசரின் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழவே விழாது. எர்த் கொடுத்த வீட்டிலும் உலோகத்தில் மின்சாரம் நிற்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆர்.சி.சி.பி. இந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனை அறுத்துவிடுகிறது. அந்த அளவில் கசியும்போது 20 ஓம் எர்த்தில் நிற்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்கூட வராது. தொடும் உலோகத்தில் 50 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடாது என்ற பொதுவான வரம்பை வைத்துப் பார்த்தால், எர்த்தின் தடை 1,600 ஓமைத் தொட்டாலும் கணக்கு தாங்குகிறது. எர்த்தை அசட்டை செய்வதற்கு இது அனுமதி ஆகாது. பாறை நிலத்தில் எர்த்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதற்கே இந்தக் கணக்கைச் சொல்கிறேன். ஆர்.சி.சி.பி. அதிகச் சுமைக்கோ ஷார்ட் சர்க்யூட்டுக்கோ விழாது என்பதால் எம்.சி.பி.யும் அதனுடன் கட்டாயம் வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைந்த ஆர்.சி.பி.ஓ. கிடைத்தால் பெட்டியில் இடம் மிச்சமாகும்.

முதல் வழிக்கும் மூன்றாவது வழிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. பழைய வீடுகளில் நியூட்ரல் கம்பி அறைக்கு அறை தொட்டுத் தொட்டுப் போயிருக்கும். குளியலறை விளக்கின் பேஸ் ஒரு ஃபியூஸிலிருந்தும், நியூட்ரல் பக்கத்து அறையின் விளக்கிலிருந்தும் வந்திருக்கும். இப்படிப்பட்ட லைனுக்கு மட்டும் ஆர்.சி.சி.பி. போட்டால், விளக்கைப் போட்டவுடனே அது விழும். ஏனென்றால் போன மின்சாரம் அதன் வழியாகத் திரும்பவில்லை. ஆர்.சி.சி.பி. கெட்டுவிட்டது என்று சொல்லி அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நியூட்ரலைப் பிரித்துத் தனியாகக் கொண்டுவர முடியாவிட்டால், முழு வீட்டுக்கும் ஒரே ஆர்.சி.சி.பி. போடுவது மட்டுமே மிச்சம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் நாள்கணக்கில் நனைக்கும்போது, வாசல் விளக்கு, மோட்டார், பழைய ஜங்ஷன் பாக்ஸ் என்று ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகக் கசிவது ஒன்றுசேர்ந்து, நள்ளிரவில் முழு வீடும் இருளும். சில முறை அப்படி நடந்தால் வீட்டுக்காரரே அதை நீக்கச் சொல்லிவிடுவார். குளியலறைக்கென்று தனி லைன், தனி நியூட்ரல், தனி ஆர்.சி.சி.பி. என்று அமைத்துவிட்டால் அது விழும் ஒவ்வொரு முறையும் பழுது குளியலறையில்தான் இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

ஆகவே டைல்ஸை முழுவதுமாகப் பெயர்த்து வேலை செய்கிறவர்களுக்கு மூன்றாவது வழியையே பரிந்துரைப்பேன். 6 ஆம்பியர் எம்.சி.பி., பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 20 மி.மீ. பைப் ஆகியவை வேண்டும். விளக்கோடு எக்ஸாஸ்ட் ஃபேனையும் இதே லைனில் சேர்த்துக்கொள்ளலாம். கீசருக்கு வேறு லைன்தான். இதற்கு ஆகும் கூடுதல் செலவின் பெரும்பகுதி கூலியும் சுவர் வேலையும்தான். கொத்தனார் ஏற்கெனவே வீட்டில் இருக்கும் நாளில் அது சிறு தொகை. டைல்ஸ் ஒட்டிய பிறகு அதே வேலை பலமடங்காகும்.

லைனை எந்தத் தடத்தில் கொண்டுவருவது என்பது அடுத்த கேள்வி. சமவெளி வீடுகளில் யோசிக்காமல் சுவரில் காடி (பைப்பைப் புதைக்கும் நீளப் பள்ளம்) வெட்டுவார்கள். இங்கே மண்சாந்திலோ சுண்ணாம்பிலோ கட்டிய ஒன்றரையடி கருங்கல் சுவரில் மெஷினை வைத்தால், காடிக்கு முன் கல்லே அசைந்துவிடும். பிற்காலத்தில் கட்டிய நாலரை அங்குலச் செங்கல் தடுப்பில் செங்குத்தாக வெட்டும் காடி சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது கிடைக்காடியின் ஆழம் 19 மி.மீ. மட்டுமே, 20 மி.மீ. பைப்பும் அதன்மேல் பூச்சும் அதில் அடங்காது. எனவே மேலிருந்து நேராகக் கீழே இறங்கும் காடியே சரி. மலைப்பக்கத்து மண்ணைத் தாங்கி நிற்கும் பின்சுவரில் எந்த வயரையும் புதைக்கவே கூடாது. மழைக்காலத்தில் சரிவின் ஊற்றுநீர் அந்தச் சுவர் வழியாகவே வெளியேறப் பார்க்கும். டைல்ஸின் இடுக்கில் உப்பு பூத்திருப்பதைப் பார்த்தாலே எந்தச் சுவர் என்று தெரிந்துவிடும்.

பலகைச் சீலிங்கும் அதன்மேல் தகரக் கூரையும் உள்ள வீடுகளுக்கு, சீலிங்கின் மேலே பைப்பை ஓட்டி விளக்குக்கு நேராக இறக்குவது எல்லாவற்றிலும் நல்ல தடம். எலி கடிக்கும் என்பதால் வயரை வெறுமனே போடாமல் முழு நீளத்துக்கும் பைப்புக்குள்ளேதான் விட வேண்டும். ஆனால் இந்தத் தடத்துக்கே உரிய குறை ஒன்று இருக்கிறது. தை மாதத்துப் பனியில், பல நாட்களாக ஒரு தூறல்கூட இல்லாத சமயத்தில், விளக்கின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே ஒரு கரண்டி மஞ்சள் தண்ணீரும், அதில் மிதக்கும் கொசுக்களும், ஹோல்டரில் துருக்கோடும் இருக்கும். கூரை ஒழுகுகிறது என்று தகரத்தை மாற்றப் புறப்படுவார்கள். ஒழுகுவது கூரை அன்று. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்து வெந்நீரில் குளிக்கும்போது எழும் நீராவி, விளக்கின் பின்புறத் துளை வழியாகப் பைப்புக்குள் ஏறி, தகரத்துக்குக் கீழேயுள்ள உறைகுளிரில் நீராகி, அதே பைப் வழியாக விளக்குக்கே திரும்பி வடிகிறது. வயர் இழுத்து முடித்ததும் பைப்பின் கீழ்வாயைச் சிலிக்கான் கொண்டு அடைத்துவிட வேண்டும். விளக்குக்குள் நுழையும் முன் வயரைச் சற்றுத் தொய்வாக வளைத்துவிட்டால் வழிந்து வரும் துளியும் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

காடியும் வெட்ட முடியாமல், சீலிங்கும் இல்லாத கான்கிரீட் வீடாக இருந்தால், சுவரின் மேலேயே பைப்பை ஓட்டலாம். பார்வைக்கு அழகில்லை என்பதைத் தவிர அதில் வேறு குறையில்லை. பழுது பார்ப்பதற்கு அதுவே எளிது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் எஸ்டேட் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும் இதுதான் பொருத்தம்.

இனி 12 வோல்ட் வழி. ஷவருக்கு நேர் மேலே விளக்கு வேண்டும் என்கிறவர்களுக்கும், சீலிங் தாழ்ந்து கைக்கு எட்டும்படி இருக்கும் அறைகளுக்கும் இதுவே மிகப் பாதுகாப்பானது. 10 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் ஓடுவது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. ஐந்து மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. கம்பியில் வோல்ட்டேஜ் இழப்பு பொருட்படுத்தும் அளவில் இருக்காது. ஆனால் டிரைவர், உள்ளே வரும் 230 வோல்ட்டையும் வெளியே போகும் 12 வோல்ட்டையும் முழுவதுமாகப் பிரிக்கும் வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். மலிவான சில டிரைவர்களில் இந்தப் பிரிப்பு கிடையாது. அவற்றின் 12 வோல்ட் முனையிலும் 230 வோல்ட்டின் ஆபத்து இருக்கும். டிரைவரைக் குளியலறைக்கு வெளியே, ஏணி இல்லாமல் கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். சீலிங்கின் மேல் ஈரத்தில் வைத்தால் விரைவிலேயே போய்விடும். அதே அளவுள்ள டிரைவர் மலைக் கடைகளில் எப்போதும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கும்போது ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. டிரைவருக்கு மின்சாரம் கொடுக்கவும் ஒரு நல்ல லைன் தேவைதான் என்பதால், இது மூன்றாவது வழிக்கு மாற்று ஆவதைவிடத் துணையாகவே அமைகிறது.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஐஇசி 60364 என்ற சர்வதேச மின்வயரிங் விதித்தொகுப்பின் குளியலறைப் பகுதி, ஷவர்த் தொட்டி இல்லாத அறையில் ஷவர் தலையைச் சுற்றி 1.2 மீட்டர் தூரமும் தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரமும் கொண்ட இடத்தை நனையும் பகுதியாகக் கொள்கிறது. ஐந்துக்கு ஏழடி அறையில் அது ஏறக்குறைய முழு அறையும் ஆகிவிடும். வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக் குளிக்கும் நம் பழக்கத்துக்கும் அப்படி எடுத்துக்கொள்வதே சரி. ஆகவே சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும். நீரும் தூசும் புகாமல் தடுக்கும் அளவைக் காட்டும் ஐ.பி. குறியீடு விளக்குக்குக் குறைந்தது 44, ஷவர் பக்கம் என்றால் 65 என்று இருக்கட்டும். உலோகச் சட்டமுள்ள கண்ணாடி விளக்கானால் எர்த் கம்பியைக் கட்டாயம் இணைக்க வேண்டும். பிளாஸ்டிக் உடலானாலும் எர்த் கம்பியை அந்த இடம்வரை கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். நாளை விளக்கை மாற்றுகிறவருக்கு அது தேவைப்படும்.

மரம் விழுந்து கம்பி அறுந்து மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போவது மலையில் வழக்கம் என்பதால், வழுக்கும் தரையுள்ள இந்த அறையின் விளக்கை இன்வெர்ட்டரில் சேர்க்க விரும்புவது நியாயமே. அப்படிச் செய்தால் ஆர்.சி.சி.பி. இன்வெர்ட்டருக்குப் பிறகு வரவேண்டும். அதற்கு முன்னால் இருந்தால் பேட்டரியில் ஓடும் நேரத்தில் அதற்குக் கசிவு தெரியாது.

டைல்ஸ் ஒட்டும் முன்பு, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் மின்கம்பியாள் சான்று பெற்ற ஒருவரைக் கொண்டு 500 வோல்ட் மெக்கர் (கம்பி உறையின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்துப் புதிய லைனைச் சோதிக்கச் சொல்லுங்கள். கம்பிகளுக்கு இடையிலும் எர்த்துக்கும் ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். பைப் போகும் தடத்தை அளவு டேப்போடு சேர்த்துப் படம் பிடித்து வைத்துக்கொண்டால், பின்னால் டவல் ராடு மாட்ட டிரில் வைக்கும்போது வயரைத் துளைக்காமல் தப்பலாம்.

எம்.சி.பி. பெட்டியே இல்லாமல், மீட்டர் பலகையில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் மட்டும் உள்ள வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அங்கே முழு வயரிங்கையும் மாற்றப் பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மெயின் சுவிட்சுக்குப் பிறகு ஒரு சிறு பெட்டியைப் பொருத்தி, அதில் குளியலறை லைனையும் கீசர் லைனையும் மட்டும் ஆர்.சி.சி.பி.யின் கீழ் கொண்டுவரலாம். மற்ற அறைகளைப் பின்னர் ஒவ்வொன்றாக அதே வரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம். மீட்டரும் அதன் முத்திரையும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. அங்கே கை வைக்க வேண்டிய வேலை வந்தால் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அவர்கள் ஆள் வரும் நாளை வைத்து, கொத்தனாரை அதற்கு அடுத்த நாள் வரச் சொல்லலாம்.